பன்னிரண்டாம் எதிரி

"பதினொண்ணு, கருணாகரன்."

"இருக்கேன் ஐயா."

"பன்னெண்டு, அன்புமணி."

பதில் இல்லை. ஏட்டு தட்சிணாமூர்த்தி தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். உப்பங்கரை காவல் நிலையத்தின் வேப்பமரத்தடியில் பதினோரு பேர் துவைத்த வேட்டி கட்டி, தலை சீவி, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல வரிசையாக நின்றிருந்தார்கள்.

"அன்புமணி, தகப்பனார் கலியன், வயசு இருபத்தி நாலு. எங்கய்யா அவன், பீடி குடிக்கப் போயிட்டானா?"

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் நின்ற கருணாகரன்தான் சொன்னான்.

"அவன் சுனாமியில செத்துட்டான் ஏட்டையா."

சுனாமி வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அன்புமணி புன்னைக்குப்பம் கடற்கரையில் நின்று கல்லெறிந்தது முந்தாநாள் சாயங்காலம். அப்படித்தான் முதல் தகவல் அறிக்கையில் இருந்தது. அந்த அறிக்கை காலை பத்து மணிக்கே சிதம்பரம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தட்சிணாமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்தார்.

புன்னைக்குப்பத்துக்கும் பக்கத்து வடக்குக்குப்பத்துக்கும் சுருக்குவலை போடுவதில் தகராறு. கல்வீச்சில் வடக்குக்குப்பத்து ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்தது. யார் எறிந்தது என்று கேட்டால், "மசமசன்னு இருட்டிடிச்சு, இருபது பேரு இருப்பானுங்க, மொகம் தெரியல" என்றார் அவர். முகம் தெரியாமல் வழக்கு எழுத முடியாது. பன்னிரண்டு பெயராவது வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

அதற்கு ஒரு வழி எப்போதும் உண்டு. புன்னைக்குப்பத்தில் எந்தத் தகராறு நடந்தாலும் போலீஸ் உள்ளே நுழைந்து தேடுவதில்லை. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் கொளஞ்சி ஒரு தாளில் பெயர் எழுதி அனுப்புவார். கல்லெறிந்தவன் பெயராக இருக்கவேண்டும் என்பதில்லை. கோயில் திருவிழாவில் சாமி தூக்குவதற்கு வீட்டு முறை வருவது போல வழக்குக்கும் வீட்டு முறை உண்டு. முறை வந்த வீட்டிலிருந்து ஓர் ஆண் வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஸ்டேஷனில் நிற்பான். ஜாமீன் வாங்குவதை ஊர் பார்த்துக்கொள்ளும். ஊருக்குச் சண்டை இல்லை, போலீசுக்கு அலைச்சல் இல்லை.

தாளில் வந்த பன்னிரண்டு பேருக்கும் ஆயுதம் கொடுக்கும் வேலை மட்டும் தட்சிணாமூர்த்தியுடையது. அதில் அவர் கெட்டிக்காரர். ஒருவனுக்குத் துடுப்பு, ஒருவனுக்கு சவுக்குக் கட்டை என்று பகிர்ந்து கொடுத்து வந்தவர், கடைசிப் பெயருக்கு வந்தபோது பக்கத்தில் நாலு வரி இடம் மிச்சம் இருந்ததால் கொஞ்சம் தாராளமாக எழுதிவிட்டார். 'பன்னிரண்டாம் எதிரி அன்புமணி தலையில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு, தேங்காய் அளவுள்ள கருங்கல்லை வலது கையில் ஏந்தி, இன்றைக்கு ஒருவனையும் விடமாட்டேன் என்று கூச்சலிட்டபடி முன்னால் ஓடிவந்தார்.'

நாட்டார் கொளஞ்சி ஓரமாக நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"என்னாய்யா இது?"

"முறை அன்புமணியோட ஆத்தா தங்கம்மா வூட்டோடது ஏட்டையா. அந்த வூட்டுல வேற ஆம்பள இல்ல. புருஷனும் இல்ல. அதான் அந்தப் பேர எழுதினேன்."

"செத்தவன் பேரயா?"

"நீங்க பேருதான கேட்டீங்க."

தட்சிணாமூர்த்திக்கு டிசம்பரில் இருபத்தைந்து வருட சர்வீஸ் முடிகிறது. முடிந்தால் சிறப்பு உதவி ஆய்வாளர். சிதம்பரத்தில் அவர் மனைவி மகேஸ்வரி தெருவுக்கே சொல்லிவிட்டாள். தோளில் நட்சத்திரம் வைக்க இடம் விட்டுத் தையல்காரரிடம் இரண்டு சட்டை தைத்தாகிவிட்டது. இந்த நேரத்தில் ஒரு மெமோ வந்தால் அத்தனையும் நின்றுபோகும்.

இன்ஸ்பெக்டர் சிவசங்கர் அவரைவிட பதினைந்து வயது சின்னவர். விஷயத்தைக் கேட்டு மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டை இரண்டு சுற்று சுற்றினார்.

"பேர அடிச்சிடலாமா சார்?"

"அடிச்சா, செத்தவன் ஓடிவந்தத யாரு பாத்தாங்கன்னு கோர்ட்ல கேப்பாங்க. மத்த பதினொண்ணும் படுத்துடும். எழுதினது யாரும்பாங்க. யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"போலீஸ்காரனுக்கு ரெண்டு குணம் வேணும் ஏட்டு. ஒண்ணு, பாக்காததப் பாத்த மாதிரி எழுதணும். ரெண்டாவது, எழுதினத கடைசி வரைக்கும் நம்பணும். மொதலாவது உங்ககிட்ட ஜாஸ்தியாவே இருக்கு. ரெண்டாவதுதான் இல்ல. தலைமறைவுன்னு போடுங்க."

பன்னிரண்டாம் எதிரி தலைமறைவானார்.

ஒரு வாரம் நிம்மதி. ஆனால் தலைமறைவு என்பது ஒருநாள் வெளியே வந்தாக வேண்டிய சமாச்சாரம். இறப்புச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால், தலைமறைவாக இருந்தபோது இறந்தார் என்று எப்படியாவது முடித்துவிடலாம் என்று தோன்றியது. தேதியை யார் கவனிக்கப்போகிறார்கள். தட்சிணாமூர்த்தி பைக்கை எடுத்துக்கொண்டு புன்னைக்குப்பம் போனார்.

தங்கம்மாள் புதிதாகக் கட்டிக்கொடுத்த சுனாமிக் குடியிருப்பில் நாலாவது வீட்டு வாசலில் உட்கார்ந்து மத்திமீனைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செல்லாயி என்ற அடுத்த வீட்டுக்காரி. இவள் வாயைத் திறக்கவே இல்லை.

"ஏம்மா, உன் மவனுக்கு இறப்புச் சான்றிதழ் வெச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"அதிகாரிங்க ஊருக்கே வந்து எழுதிக் குடுத்தாங்களே."

"கைநாட்டு வெக்கச் சொன்னாங்க. வெக்கல. ஒடம்ப யாரும் காட்டலீங்களே."

"ரெண்டரை வருஷம் ஆச்சும்மா."

"அதுக்கென்னாங்க. நீங்க போன வாரம் பாத்திருக்கீங்களே."

"நானா?"

"செவப்புத் துண்டு கட்டிக்கிட்டு ஓடியாந்தானாமே. கருணாகரன் நகல் வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் படிச்சான். எம் மவன் அப்பல்லாம் துண்டே கட்டமாட்டான். இப்ப பழகிக்கிட்டான் போல."

கேலி செய்கிறாளா என்று தட்சிணாமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் கைநாட்டு வெச்சா, போலீஸ் பாத்தது பொய்யின்னு ஆவாதுங்களா? உங்களுக்குத்தான கெட்ட பேரு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தங்கம்மாள் ஸ்டேஷனில் இருந்தாள். கூடவே செல்லாயி.

"புடிச்சிட்டீங்களா ஐயா?"

"யார?"

"எம் மவன."

"தேடிக்கிட்டு இருக்கோம் போம்மா."

அதற்கு மறுநாளும் வந்தாள். வாரத்தில் மூன்று நாள் மீன் விற்றுவிட்டு, வெறும் கூடையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். போகிற வருகிற கான்ஸ்டபிளையெல்லாம், "எம் மவன் கெடச்சானா?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருட சர்வீஸில் மகனை எப்போது பிடிப்பீர்கள் என்று கேட்ட தாயைத் தட்சிணாமூர்த்தி பார்த்ததில்லை. மகன் வீட்டில் இல்லை என்று கட்டிலுக்கடியில் அவனை வைத்துக்கொண்டே சொல்லும் தாய்மார்களைத்தான் அவருக்குத் தெரியும்.

இவளை வாசலிலிருந்து அகற்ற வேண்டுமென்றால் அன்புமணியைத் தூரமாக அனுப்ப வேண்டும். தட்சிணாமூர்த்தி இரண்டு சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதினார். சம்பவத்தன்று இரவே பன்னிரண்டாம் எதிரி ஒரு விசைப்படகில் ஏறி தெற்கே நாகை பக்கம் தப்பிப் போனதைக் கண்ணால் கண்டதாக அவர்கள் சொன்னார்கள். போகும்போது தலையில் சிவப்புத் துண்டு இருந்தது.

"இனிமே இங்க வராதம்மா. உன் மவன் நாகப்பட்டணம் போயிட்டான்."

தங்கம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப அங்கத்த ஸ்டேஷனுக்கெல்லாம் எழுதிப் போட்டுட்டீங்களா?"

அவர் எழுதிப் போடவில்லை. கோர்ட் போட வைத்தது. வாக்குமூலத்தைப் பார்த்த நீதிமன்றம், எதிரி தப்பிப் போனது உறுதியாகத் தெரிவதால் பிடிவாரண்ட் பிறப்பித்தது. அதே மாதம் மாவட்டம் முழுக்கத் தலைமறைவு எதிரிகளைப் பிடிக்கத் தனிப்படை அமைக்கும்படி கடலூரிலிருந்து உத்தரவு வந்தது. உப்பங்கரை ஸ்டேஷன் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"தனிப்படை நீங்கதான் ஏட்டு," என்றார் சிவசங்கர். "உங்களுக்குத்தான் அவன நல்லாத் தெரியும்."

"சார், அவன் செத்துட்டான் சார்."

"எனக்கு அத யாரும் சொல்லல. வாரா வாரம் சனிக்கிழம ரிப்போர்ட் போவணும். ஒரே ஆளத் தேடி வெச்சுக்கிட்டு ஒண்ணும் செய்யலன்னு போட்டா உங்களுக்கும் மெமோ, எனக்கும் மெமோ."

தேடுதல் நோட்டீசுக்குப் போட்டோ வேண்டும். கேட்டதும் தங்கம்மாள் தயாராகக் கொண்டுவந்தாள். பாலிதீன் உறையில் பத்திரமாக இருந்தது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்க்கக் கூச்சப்பட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பையன்.

"அங்க அடையாளம் ஏதாவது இருக்கா?"

"எழுதிக்குங்க ஐயா. இடது தோள்பட்டையில என்ஜின் சைலன்சர் சுட்ட தழும்பு, நீட்டா, என் சுண்டுவிரல் அளவு. வலது கால் கடைசி விரல் பாதி இருக்காது, நங்கூரக் கயிறு அறுத்தது. மேல் வரிசையில ஒரு பல்லு ஏறி நிக்கும். இடுப்புல கருப்புக் கயிறு. அதுல வலையில கோக்குற ஈயக்குண்டு ஒண்ணு கட்டியிருப்பேன். சின்ன வயசுல காத்து கருப்பு அண்டாம இருக்கக் கட்டினது, பெரியவனானப்பறமும் அவுக்கல."

"மெதுவாச் சொல்லும்மா."

"குண்டுக்கு மேல மூணு முடிச்சு. எழுதிட்டீங்களா? மூணு."

அவள் இந்த வரிகளைப் பல தடவை யாரிடமோ சொல்லிப் பழகியவள் போல நிறுத்தாமல் சொன்னாள். தட்சிணாமூர்த்தி அதைக் கவனிக்கவில்லை. கை வலித்தது.

நோட்டீஸ் கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலும் கிள்ளை கடைத்தெருவிலும் ஒட்டப்பட்டது. எதிரி பிச்சாவரம் காட்டுக்குள் பதுங்கியிருக்கலாம் என்று சனிக்கிழமை ரிப்போர்ட்டுக்காகத் தட்சிணாமூர்த்தி ஒரு வரி சேர்த்தார். அந்த வரியால் ஐந்து போலீஸ்காரர்கள் இரண்டு நாள் படகில் அலையாத்தி மரங்களுக்குள் வளைய வந்தார்கள். ஒருவர் சேற்றில் பூட்ஸைத் தொலைத்தார். அதற்கு அவருக்கு மெமோ வந்தது.

நோட்டீஸ் பார்த்தவர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அன்புமணி சேத்தியாத்தோப்பு சந்தையில் பரோட்டா தின்றுகொண்டிருக்கிறான். அன்புமணி நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் மேல் உட்கார்ந்து போகிறான். அன்புமணி சிதம்பரம் தியேட்டரில் இடைவேளையில் முறுக்கு வாங்கினான். மூன்றும் ஒரே நாளில். உயிரோடு இருப்பவன்கூட அத்தனை இடத்துக்குப் போகமாட்டான்.

வந்த தகவலை எழுதினால் போய்ப் பார்க்கவேண்டும். தட்சிணாமூர்த்தி நெல்லிக்குப்பம் போய், ஆலை வாசலில் கரும்பு டிராக்டர் மேலிருந்து சிவப்புத் துண்டுக்காரன் ஒருவனைக் கீழே இறக்கினார்.

"பேரென்னடா?"

"பாண்டியங்க."

"செருப்பக் கழட்டு."

வலது கால் விரல் ஐந்தும் இருந்தன. தட்சிணாமூர்த்தி மறுபடியும் எண்ணினார்.

"சட்டையக் கழட்டு."

"என்னா சார் தேடுறீங்க?"

"தழும்பு."

"எந்தத் தழும்பு வேணும் சார்? முதுகுல எங்கப்பா போட்டது நெறைய இருக்கு."

பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். தட்சிணாமூர்த்தி பைக்கில் திரும்பி வரும்போது, செத்தவனைத் தேடுகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கையில் சிக்காமல் ஏய்க்கிறானே என்று அன்புமணி மேல் உண்மையாகவே கோபம் வந்தது.

"அந்த ஆளு கெடக்கலன்னா நட்சத்திரம் இல்லியா?" என்று மகேஸ்வரி கேட்டாள்.

"இல்ல."

"அப்ப புடிச்சுத் தொலைங்களேன். இத்தினி பேரு பாத்தேன்னு சொல்றாங்க."

நவம்பர் மாதம் நாகை பக்கத்துக் கடலோர ஸ்டேஷன் ஒன்றிலிருந்து பதில் வந்தது. தேடப்படும் எதிரியின் அங்க அடையாளங்கள் தங்களிடம் உள்ள ஒரு கோப்போடு ஒத்துப்போவதாகவும், நேரில் வரவும் என்றும் இருந்தது.

தட்சிணாமூர்த்தி பஸ் ஏறிப் போனார். அந்த ஸ்டேஷன் ரைட்டர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், பெயர் நடனசபாபதி. பீரோவைத் திறந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்தார். கரை ஒதுங்கிய அடையாளம் தெரியாத உடல்கள், டிசம்பர் 2004. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு போட்டோ, ஒரு எண், ஒரு காகித உறை. பக்கங்களை மெதுவாகத் திருப்பினார். வேகமாகத் திருப்பக்கூடிய கோப்பு இல்லை அது.

"நாப்பத்தியொண்ணு. இருபத்தொம்பதாம் தேதி ஒதுங்கினது. தோள்ல தழும்பு, கால் விரல் பாதி. பாருங்க."

போட்டோவில் முகம் முகமாக இல்லை. நடனசபாபதி உறையைக் கவிழ்த்தார். கருப்புக் கயிறும் ஒரு ஈயக்குண்டும் மேஜையில் விழுந்தன. தட்சிணாமூர்த்தி முடிச்சை எண்ணினார். மூன்று.

அவருக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான். தோளில் நட்சத்திரம் ஏறிவிட்டது போல இருந்தது.

"எங்க பொதச்சீங்க?"

"சவுக்குத் தோப்புக்குப் பின்னால. தனித்தனியாத்தான் வெச்சோம், கல்லுல நம்பர் இருக்கு." நடனசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த அடையாளத்த அப்பவே யாராவது அனுப்பியிருந்தா அப்பவே சொல்லியிருப்பமே. ஏன் மூணு வருஷம்?"

"அப்ப அவன் மேல கேஸ் இல்லீங்களே," என்றார் தட்சிணாமூர்த்தி.

அதன்பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. சாட்சிகள் இருட்டில் ஆள் மாறாட்டமாகச் சொல்லிவிட்டதாக சிவசங்கர் ஒரே பத்தியில் முடித்தார். தலைமறைவு எதிரிகள் பட்டியலில் அன்புமணி பெயருக்கு நேரே 'கண்டுபிடிக்கப்பட்டார்' என்று எழுதப்பட்டது. அந்தக் கட்டத்தில் உயிரோடா என்று கேட்கும் இடம் இல்லை. விடாமுயற்சிக்காகத் தட்சிணாமூர்த்தியின் பெயர் பாராட்டுக்கு அனுப்பப்பட்டது.

"பாத்தீங்களா ஏட்டு," என்றார் சிவசங்கர். "எழுதினத நம்பினீங்க, கெடச்சிடுச்சு."

தங்கம்மாளிடம் சொல்லவேண்டிய வேலையும் அவருக்கே வந்தது. போட்டோவைக் கொண்டுபோகவில்லை. உறையை மட்டும் எடுத்துக்கொண்டு புன்னைக்குப்பம் போனார். அவள் அழுது புரண்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார்.

அவள் அழவில்லை. குண்டை வாங்கி முடிச்சுகளை நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் போட்டதுதான்," என்றாள்.

நாட்டார் கொளஞ்சி தெருக்கோடியில் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார். செல்லாயி சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடம் எப்பிடிங்க ஐயா?"

"சவுக்குத் தோப்பு. நாப்பத்தியொண்ணாம் நம்பர் கல்லு."

"மேடுங்களா? மழத் தண்ணி நிக்காதே?"

"மேடுதாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். நாலு தடவை ஆட்டினாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். தட்சிணாமூர்த்தி குடித்தார். இவ்வளவு அமைதியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"கேஸ்ல உன் மவன் பேரு வந்தது ஏதோ தப்பும்மா. எங்கயோ பெசகிப்போச்சு. மனசுல வெச்சுக்காத. பேர எடுத்துட்டோம்."

"அதனால என்னாங்க ஐயா," என்றாள் தங்கம்மாள். "பெசகெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவர் சொம்பைத் திண்டில் வைத்துவிட்டு வெளியே வந்தார். இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று பைக்கை உதைக்கப் போனபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. செல்லாயி. ஐந்து மாதமாக ஸ்டேஷன் மரத்தடியில் வந்து உட்கார்ந்தும் அவள் பேசி அவர் கேட்டதில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"மவனக் காணலன்னு தங்கம்மா உங்க ஸ்டேஷன்ல மூணு தடவ மனு குடுத்தா. ஒருத்தரும் தேடல. கல்லடிச்சான்னா தேடுவீங்கன்னு அவதான் ஐயா நாட்டாருகிட்ட மவன் பேர எழுதச் சொன்னா. எம் பொண்ணும் அன்னிக்குக் கல்லடிச்சான்னு எழுதிக்குங்க, பேரு பவானி, வயசு ஏழு."